அழிந்த மீன் உயிரோடு வந்தது!

பஞ்சு அடைத்த மீன் பொம்மை அது. நீல உடல், வெள்ளைப் புள்ளிகள், கால்களைப் போன்ற தடித்த துடுப்புகள். பெயர் "சீலகாந்த்".

டைனோசர் காலத்துக் கடல் பிராணிகளுக்குப் பொம்மைகள் பல உண்டு. அவற்றின் நிறம் பெரும்பாலும் கற்பனைதான். கல்லாகிப்போன எலும்பில் நிறம் ஏது?

சீலகாந்த் அப்படி அல்ல. பொம்மையின் நிறம் அசல் மீனின் நிறம்!

வலையில் சிக்கியது

இந்த மீன் இனம் சுமார் 6½ கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது என்று விஞ்ஞானிகள் நினைத்திருந்தார்கள். 1938-ம் ஆண்டு டிசம்பரில், தென் ஆப்பிரிக்கக் கடலில் ஒரு மீன்பிடிக் கப்பலின் வலையில் அது சிக்கியது. நீளம் சுமார் 5 அடி!

ஈஸ்ட் லண்டன் நகரப் பொருட்காட்சி சாலையில் வேலை பார்த்த மார்ஜோரி லாட்டிமர் என்ற இளம்பெண், மீன் குவியலில் அதைக் கண்டெடுத்தார். மீன் நிபுணர் ஸ்மித், அது சீலகாந்த்தான் என்று உறுதி செய்தார். மீனுக்கு "லாட்டிமேரியா" என்று அந்தப் பெண்ணின் பெயரையே சூட்டினார்.

5 ஆண்டு கர்ப்பம்

பொம்மை கடைக்குக் கடை கிடைக்கலாம். அசல் மீன் மிகச் சிலவே மிஞ்சி இருக்கின்றன. சுறாவுக்கு விரிக்கும் வலைகளில் சிக்கி அவை சாகின்றன.

இது குட்டி போடும் மீன். கர்ப்பகாலம் சுமார் 5 ஆண்டுகள் என்று 2021-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. ஒரு தாய் மீன் செத்தால், ஈடு செய்வது எளிதல்ல.