பந்தல் பிரிக்கும் நாள்

குளிர் நாடுகளில் தோட்டப் பருவத்தை முடித்துவைப்பது பனி. நம் திருமுல்லைவாயிலிலோ அவ்வேலையைச் செய்வது மழை. சென்னைப் பகுதியில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று திங்களுக்குள் கொட்டிவிடுகிறது. ஆடிப்பட்டத்தில் ஊன்றிய பீர்க்கும் புடலும் சுரையும், ஐப்பசி பிறக்கும்போது கடைசிக் காய்களோடு பந்தலில் நிற்கின்றன. மழை இறங்குமுன் நமக்குக் கிடைப்பவை சில நாட்களே. அந்நாட்களில் கொடியில் விதைக்காய் இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி.

விதைக்காயை ஐப்பசியில் தேடுவது காலங்கடந்த வேலை. கொடி நன்கு காய்க்கும் நடுப்பருவத்தில், திரண்ட காயைத் தேர்ந்து நூல் கட்டி விட்டுவிட வேண்டும். அந்நடுப்பருவமோ புரட்டாசியில் வருகிறது. விரத மாதமாதலால் காய்கறிக்குக் கிராக்கியும் அப்பொழுதுதான். ஓராண்டு நாமும் அவ்விலைக்கு ஆசைப்பட்டு, அடையாளமிட்டிருந்த நான்கு பீர்க்கங்காய்களையும் பறித்து விற்றோம். பின்னர்க் கொடிக் கடைசியில் எஞ்சிய கோணற் பிஞ்சுகளை முற்றவிட்டோம். அவை காயுமுன் மழை பிடித்துக்கொண்டது; கூட்டைப் பிரித்தபோது விதையெல்லாம் பூஞ்சை. தைப்பட்டத்துக்கு விதைப் பொட்டலம் வாங்கினோம். வீரிய ஒட்டு இரகம்; காய்ப்பில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதிலிருந்து விதை எடுத்து ஊன்றினால் தாய்க்கொடியைப்போல் ஒரே சீராக வருவதில்லை. ஆகவே பட்டந்தோறும் கடைப்படி ஏறலானோம். பாட்டியார் காலந்தொட்டு வீட்டிலிருந்த பீர்க்கு, நான்கு காயின் விலைக்குப் போயிற்று!

பீர்க்கு கொடியிலேயே பழுப்பேறி, குலுக்கினால் உள்ளே விதை ஒலிக்க வேண்டும். புடல் சிவந்து பழுத்ததும் பறித்து, சதையைக் கழுவி விதையை எடுக்கலாம். நீரிலிட்டால் மிதப்பவை பதர், தள்ளிவிடுக. நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து, பருத்தித் துணியில் முடிந்து, அடுப்படியின் காய்ந்த மூலையில் வைப்பது நம் பெண்டிர் அறிந்த முறையே.

அந்தத் துணி தருவோர்க்கும் இது சோர்வுக் காலந்தான். பாவை நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்த வெயில் இல்லை. குழித்தறியில் நீர் ஊறுகிறது. நூல் ஈரம் ஏற்கிறது. தீபாவளி விற்பனை முடிந்தபின் கையில் வேலையுங் குறைவு. நெசவாளர் வீட்டுக் கொல்லையிலும் ஒரு சுரைக்கொடி உண்டாதலின், விதைக்கவலை இருசாரார்க்கும் பொதுவே.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாளில் ஒரே வீட்டிலுள்ள விதைமுடிச்சு நனைந்தால் அவ்விரகம் தீர்ந்தது. பத்து வீடுகளில் இருந்தால் ஏதேனும் ஒன்றில் பிழைக்கும். நம் இருப்புப்பாதை வழியே மேற்கே சென்றால், திருவள்ளூர் வட்டாரத்துத் திரூரில், கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த 1904-ஆம் ஆண்டிலேயே ஒரு கடன் சங்கம் அமைந்தது. பணத்துக்கு ஏற்பட்ட அம்முறை விதைக்கு ஏன் ஆகாது? ஒரு கைப்பிடி வாங்கிய அங்கத்தினர், பருவமுடிவில் இரு கைப்பிடி திருப்பட்டும். வட்டி மிகுதியென்று சிலர் நகைக்கலாம். ஒரு பீர்க்கங்காயில் எத்தனை விதை என்று எண்ணிப் பார்த்தபின் நகைப்பார்களாக. கார்த்திகைக்குள் சங்கத்துக்கு ஆளுக்கொரு முடிச்சு வருமாயின் தைப்பட்டத்துக்குப் பங்கிடலாம்.

ஊருக்குப் பெயர் தந்த முல்லையும், மாசிலாமணீசுவரர் திருக்கோயிலின் தலமரமாதலால், நம் நினைவுக்கு வருகிறது. பழைய இலக்கணத்தார் முல்லைத் திணைக்குக் காரையே பெரும்பொழுதாக வகுத்தனர். கூதிரும் பனியும் வரப் பூ குறைகிறது. முல்லை வளர்ப்போர் இப்பொழுதே கவாத்துக் கத்தியைத் தேட வேண்டா. ஜனவரிக் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டினால் போதும். நவம்பர் இறுதியில் வெட்ட வேண்டியது குண்டுமல்லிகையைத்தான்.