இரண்டாவது திரை ஏன் இருண்டது?

நாடகக் கொட்டகையில் திரை ஒன்றுதான். அது உயரவில்லை என்றால், கயிறு இழுக்கும் ஆளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. இப்போதோ நம் வீட்டு மேஜைகளில் இரண்டு திரைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. லாப்டாப்போடு ஒட்டிப் பிறந்த சின்னத் திரை ஒன்று. பக்கத்தில் கேபிளால் இணைத்த பெரிய மானிட்டர் ஒன்று.

"ஒரு திரை போதாதா? இது என்ன ஆடம்பரம்?" என்று கேட்கும் புருஷர்கள் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதியோ, மொழிபெயர்த்தோ, புத்தகங்களுக்குப் புரூப் பார்த்தோ நாலு காசு சம்பாதிக்கும் பெண்களிடம் அவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும்! ஒரு திரையில் பில் இருக்க வேண்டும். மற்றதில் பேரேடு இருக்க வேண்டும். அரிவாள்மணை ஓர் அறையிலும் அடுப்பு ஓர் அறையிலும் இருந்தால் சமையல் நடக்குமா? நடந்து நடந்து கால்தான் ஓயும்.

சரி, அந்தப் பெரிய திரை ஒரு நாள் "ஸிக்னல் இல்லை" என்று ஒரு வரி காட்டிவிட்டு இருண்டு போனால்? அதுவும் அந்த லாப்டாப்பில் ஓடுவது லினக்ஸாக இருந்துவிட்டால்?

லினக்ஸ் என்ற பெயரைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விட வேண்டாம். அது அப்படி ஒன்றும் அந்நியமான சரக்கு அல்ல. 1991-ம் வருஷம் பின்லாந்து தேசத்தில், ஹெல்ஸிங்கி சர்வகலாசாலையில் படித்துக் கொண்டிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது வாலிபர் தொடங்கிய காரியம் அது. நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு டெலிபோனுக்குள் இருப்பதும் அதுவே. 2011-ல் தமிழக அரசு ஆரம்பித்த விலையில்லா லாப்டாப் திட்டத்தில் மாணவ மாணவிகள் பெற்ற யந்திரங்களில், விண்டோஸுடன் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பராமரிப்பு நின்று போயிற்று. புது விண்டோஸை ஏற்க மறுத்த பழைய லாப்டாப்பைத் தூக்கிப் போட மனம் வராமல், அதில் லினக்ஸைக் குடியேற்றிய வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வீட்டின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால், இரண்டு திரைகள் எப்படிச் சம்பந்தம் பேசி முடிக்கின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஜாதகப் பரிவர்த்தனை

கேபிளைச் சொருகிய அந்தக் கணத்திலேயே மானிட்டர் தன் ஜாதகத்தை எடுத்து நீட்டுகிறது. இது நான் வேடிக்கைக்காகச் சொல்லும் உவமை என்று நினைக்காதீர்கள். இ.டி.ஐ.டி. என்று பெயர் பெற்ற அந்தச் சிறு குறிப்பில், மானிட்டரைச் செய்தவர் யார், எந்த வருஷம் பிறந்தது, அகலம் எத்தனை சென்டிமீட்டர், உயரம் எத்தனை, எந்த அளவில் படம் காட்டப் பிரியம் என்பதெல்லாம் எழுதியிருக்கிறது! அடிப்படை ஜாதகம் மொத்தம் 128 பைட்டுகள். எழுத்துப் பிழை நேர்ந்தால் கண்டுபிடிப்பதற்காகக் கடைசி பைட்டில் ஒரு கூட்டல் சோதனையும் உண்டு.

ஹெச்.டி.எம்.ஐ. கேபிளின் முனையில் 19 ஊசிகள் இருக்கின்றன. படம் போவது வேறு கம்பிகளில். ஜாதகம் வருவது வேறு இரண்டு மெல்லிய கம்பிகளில். அந்த இரண்டும் தளர்ந்துவிட்டால் வேடிக்கை பாருங்கள்: பொருத்தம் பார்க்க வழியில்லாமல் லினக்ஸ் திகைக்கிறது. "எதற்கும் இருக்கட்டும்" என்று 1024-க்கு 768 என்ற பழைய அளவில் படத்தை அனுப்பி வைக்கிறது. எழுத்தெல்லாம் ஊதிப் போய், பஜ்ஜி மாதிரி தெரியும். பழைய வி.ஜி.ஏ. மானிட்டருக்காக மலிவு விலையில் வாங்கும் அடாப்டர்களில் இந்த விபத்து அடிக்கடி நடக்கும். கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவரை மாற்றிக் கொள்வதற்கு முன்னால், அடாப்டரை ஒரு தரம் மாற்றிப் பாருங்கள்.

பதினெட்டாம் தேதி மாலை

மாம்பலத்தில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் இருக்கிறார். மூன்று கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார். கணவர் காலமான பிறகு பெண்ணின் காலேஜ் சம்பளம் இந்த வருமானத்திலிருந்துதான் போகிறது. மாதா மாதம் 20-ந் தேதி அவருக்குக் கெடு. தவறினால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கடைக்காரருக்குத் தாமதக் கட்டணம் விழும். இரண்டு மாதம் அப்படி விழுந்தால், கடைக்காரர் வேறு கணக்குப் பிள்ளையைத் தேடிக்கொண்டு போய்விட மாட்டாரா?

ஒரு மாதம் 18-ந் தேதி மாலை லாப்டாப் 'அப்டேட்' கேட்டது. மாமி சம்மதித்தார். யந்திரம் அணைந்து மறுபடி எழுந்தபோது சின்னத் திரை பளிச்சென்று வந்தது. பெரிய திரை வரவில்லை. கேபிளைப் பிடுங்கினார், சொருகினார், ஊதினார். ஊஹூம்!

தெருமுனையில் இருந்த பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே இருந்தவர் யந்திரத்தை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார்.

"போர்டு போச்சும்மா. மாத்தணும். பதினெட்டாயிரம் ஆகும். வெச்சுட்டுப் போங்க, நாலு நாள்ல தரேன்."

"நாலு நாளா? நாளன்னிக்கு எனக்குக் கெடுவாச்சே!"

மாமி லாப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். 14 அங்குலத் திரையில் பில்லையும் பேரேட்டையும் மாற்றி மாற்றித் திறந்து எழுத ஆரம்பித்தார். இரவு ஒன்பது மணிக்குப் பார்த்தால் ஒரு கடைப் பில் இன்னொரு கடைப் பேரேட்டில் ஏறியிருந்தது. அப்போதுதான் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் தங்கை பிள்ளைக்குப் போன் போட்டார்.

"பெரியம்மா, மானிட்டரை வேறே எதிலாவது மாட்டிப் பார்த்தேளா?"

"டி.வி.யோட ஸெட்-டாப் பெட்டியிலே மாட்டினேன்டா. ஜோரா படம் வரது."

"அதே கேபிள்தானே?"

"அதேதான்."

"அப்போ மானிட்டரும் கேபிளும் நன்னாயிருக்கு. இப்போ பைல்ஸ் அலமாரியைத் திறந்து, கண்ட்ரோலும் 'எல்'லும் சேர்த்து அமுக்குங்கோ. நான் சொல்றதை அப்படியே அடியுங்கோ."

அவன் சொன்ன விலாசத்தில் மூன்று சொற்கள். ஒவ்வொன்றுக்கு முன்னும் ஒரு சாய்ந்த கோடு. முதலாவது எஸ், ஒய், எஸ். அடுத்தது 'கிளாஸ்'. மூன்றாவது டி, ஆர், எம். லாப்டாப்பின் உடம்பில் திரைக்கென்று எத்தனை வாசல்கள் உண்டோ, அத்தனைக்கும் லினக்ஸ் இங்கே ஒரு பெயர்ப் பலகை மாட்டி வைத்திருக்கிறது. ஒவ்வொரு பெயருக்குள்ளும் 'ஸ்டேட்டஸ்' என்று ஒரு சிறு கோப்பு. அதில் இருப்பது ஒரே வார்த்தை: 'கனெக்டட்' அல்லது 'டிஸ்கனெக்டட்'.

"என்ன பேரெல்லாம் இருக்கு, பெரியம்மா?"

"இ.டி.பி. ஒண்ணுன்னு இருக்கு."

"அது லாப்டாப்போட சொந்தத் திரை. ஹெச்.டி.எம்.ஐ.ன்னு ஏதாவது?"

"பேரே காணோமேடா!"

இந்த இடத்தில் வாசகிகள் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த விவகாரத்தில் முக்கியமான முடிச்சு இதுதான். 'டிஸ்கனெக்டட்' என்று எழுதியிருந்தால், வாசல் இருக்கிறது, காவல்காரனும் இருக்கிறான், ஆனால் வெளியே யாரும் வந்து நிற்கவில்லை என்று அர்த்தம். அப்போது கேபிளையும் துளையையும் சந்தேகிக்க வேண்டும். பெயரே இல்லை என்றால் சமாசாரம் வேறு. வீடு இருக்கும்போதே வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப் போகிறதல்லவா, அந்த மாதிரி.

மாமியின் லாப்டாப்பில் படம் வரையும் சில்லுகள் இரண்டு. பிராஸஸரோடு சேர்ந்த இன்டெல் சில்லு சின்னத் திரையைக் கவனித்துக் கொள்கிறது. தனியாக ஓர் என்விடியா சில்லும் இருக்கிறது. இப்படி இரட்டைச் சில்லு உள்ள பல லாப்டாப்புகளில் ஹெச்.டி.எம்.ஐ. துளையை இரண்டாவது சில்லோடுதான் இணைத்திருக்கிறார்கள். அந்தச் சில்லை ஓட்ட 'டிரைவர்' வேண்டும். லினக்ஸின் இதயம் போன்ற 'கெர்னல்' மாறும்போதெல்லாம், அதற்குப் பொருத்தமாக இந்த டிரைவரும் தயாராக வேண்டும். அன்று மாலை அப்டேட்டில் புதுக் கெர்னல் வந்துவிட்டது; டிரைவர் வந்து சேரவில்லை. சாரதி இல்லாத ரதம் எங்கே நகரும்?

நல்ல வேளையாக, புதுப் பாத்திரம் வாங்கினாலும் பழையதைப் பரணில் போட்டு வைக்கும் நம் பாட்டிமார்களின் குணம் லினக்ஸுக்கும் உண்டு. முந்தைய கெர்னலை அது வீசி எறிவதில்லை. பையன் சொன்னபடி மாமி யந்திரத்தை அணைத்தார். மறுபடி உயிர் வரும் சமயத்தில் 'எஸ்கேப்' விசையைத் தட்டினார். கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்தது. அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்ற வரியைத் திறந்து, இரண்டாவதாக இருந்த பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தார்.

பெரிய திரையில் வெளிச்சம் வந்தது. அப்போது மணி பத்தே முக்கால்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் மூன்று கடைக் கணக்கும் போய்ச் சேர்ந்தன. அதற்கப்புறம் ஆற அமர 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்ற பக்கத்தைத் திறந்து, சிபாரிசு செய்திருந்த டிரைவரை மறுபடி நிறுவிக்கொண்டார். செலவு ஒரு டெலிபோன் பேச்சு.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிரைவர் நிறுவும்போது சில யந்திரங்கள் ஒரு ரகசியச் சொல்லை வைக்கச் சொல்லும். அடுத்த முறை எழும்போது நீல நிறத்தில் ஒரு பக்கம் வந்து நிற்கும். அவசரத்தில் 'கன்டின்யூ' என்று தள்ளிவிட்டால், 'ஸெக்யூர் பூட்' என்னும் வாசல் காவலன் புது டிரைவரை உள்ளே விடமாட்டான். 'என்ரோல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, வைத்த ரகசியச் சொல்லைக் கொடுக்க வேண்டும்.

என்விடியாவோடு லினக்ஸுக்கு இருந்த ஊடல் ஊரறிந்தது. 2012-ல் பின்லாந்தின் ஆல்ட்டோ சர்வகலாசாலைக் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. டோர்வால்ட்ஸ் காமிராவைப் பார்த்து ஒரு விரலை நீட்டி, இரண்டு வார்த்தை சொன்னார். குடும்பப் பத்திரிகையில் அவற்றை அச்சிட முடியாது. பத்து வருஷம் கழித்து, 2022-ல், அந்தக் கம்பெனி தன் டிரைவரில் கெர்னலோடு சேரும் பகுதியைப் பகிரங்கமாக வெளியிட்டது.

பழுது பார்ப்பவர்கள் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் "போர்டு போச்சு" என்று சொல்பவரிடம், "லினக்ஸை ஒரு யு.எஸ்.பி. குச்சியில் போட்டு, அதிலிருந்து யந்திரத்தை எழுப்பிப் பார்த்தீர்களா?" என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு. அப்படி எழுப்பியபோது பெரிய திரையில் படம் வந்தால் போர்டுக்கு ஒரு குறையும் இல்லை. இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம் போதும்.

வேறு சில குறும்புகள்

லாப்டாப்பில் நீள்வட்டமாக ஒரு சிறு துளை இருக்கும். யு.எஸ்.பி.-ஸி என்று பெயர். எல்லா யு.எஸ்.பி.-ஸி துளையும் படம் அனுப்பாது. சில துளைகள் கோப்பும் மின்சாரமும் மட்டுமே கடத்தும். கடையில் அடாப்டர் வாங்கும் முன் லாப்டாப்பின் குறிப்புப் புத்தகத்தைப் பாருங்கள். 'டிஸ்ப்ளேலிங்க்' வகை டாக்குகள் படத்தைச் சுருக்கி யு.எஸ்.பி. வழியாக அனுப்புபவை, அவற்றுக்குத் தனி டிரைவர் போடாமல் லினக்ஸில் ஒன்றும் வராது. 4கே மானிட்டரில் அம்பு நொண்டி நொண்டி நகர்கிறதா? கேபிளோ துளையோ 2009-ல் வந்த ஹெச்.டி.எம்.ஐ. 1.4 வகையாக இருக்கலாம். அந்த அளவில் அது வினாடிக்கு 30 படம்தான் அனுப்பும்.

பெரிய திரையில் எழுத்து சரியாகவும் சின்னத் திரையில் எறும்பாகவும் தெரிவது இன்னொரு தொல்லை. 1984-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலையில் பிறந்த 'எக்ஸ்' என்ற பழைய ஏற்பாட்டில், இரு திரைக்கும் தனித்தனி எழுத்தளவு வைப்பது சள்ளை. 2008-ல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பர்க் தொடங்கிய 'வேலண்ட்' என்ற புதிய ஏற்பாட்டில் ஒவ்வொரு திரைக்கும் அளவைத் தனியே வைக்கலாம். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10, தன் வழக்கமான மேஜையில் வேலண்டை மட்டுமே வைத்துக்கொண்டு எக்ஸுக்கு விடை கொடுத்துவிட்டது.

அம்பு வலப்பக்கம் போக வேண்டியது இடப்பக்கம் போகிறதா? ஸெட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே' பக்கத்தில் இரண்டு திரைகளும் சிறு கட்டங்களாக வரைந்திருக்கும். மேஜைமேல் அவை இருக்கிறபடியே கட்டங்களை இழுத்து வையுங்கள். இரண்டிலும் ஒரே படம் தெரிந்தால் 'மிர்ரர்' என்பதை விட்டு 'ஜாயின்' என்பதைத் தொடுங்கள். திறந்த ஜன்னல் ஒன்று கண்ணுக்குப் படாமல் எங்கோ மறைந்துவிட்டால், 'ஸூப்பர்' விசை, 'ஷிப்ட்', அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அமுக்கினால் அது பக்கத்துத் திரையிலிருந்து இந்தப் பக்கம் தாவி வரும்.

பெரிய திரை மாட்டியிருக்கும்போது லாப்டாப்பின் மூடியைச் சாத்தினாலும் அது சாதாரணமாகத் தூங்காது. விழித்தபடியே வேலை செய்யும். கேபிளைப் பிடுங்கிய பிறகு சில வினாடி பொறுத்து, தூங்கிவிட்டது என்று விளக்கு காட்டுகிறதா எனப் பார்த்துவிட்டே பையில் வையுங்கள். விழித்திருக்கும் லாப்டாப்பைப் பையில் அடைத்தால், வெளியே எடுக்கும்போது இட்லிப் பானை மாதிரி சுடும்.