ஒரு பல் குறைந்தால் 14 கிலோ

ஆடித் தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. புடவைக்கும் பாத்திரத்துக்கும் இருந்த ஆடி, பைக் உதிரிபாகக் கடைக்கும் வந்து சில வருடமாகிறது. 'லைட்வெயிட் செயின் கிட்! சுழலும் எடையில் 1 கிலோ குறைந்தால் வண்டியில் 10 கிலோ குறைந்ததற்குச் சமம்' என்ற விளம்பரத்தைப் படமெடுத்து அனுப்பி, வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கிறார்கள் வாசகர்கள். ஒருவர் கிட் பெட்டியில் உள்ள 520 என்பதைக் கிராம் கணக்கு என்றே நினைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டியில் அந்த எண்ணை அவ்வளவு பெரிதாகப் போட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

520 என்பது செயினின் அளவு. முதல் இலக்கம், ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம்: 5/8 அங்குலம், அதாவது 15.875 மி.மீ. அடுத்த இரண்டும் உள் அகலம்: 20 என்றால் கால் அங்குலம், 30 என்றால் 3/8 அங்குலம். ஹயபுசா மாதிரி 530 செயினோடு வந்த பெரிய வண்டியில் 520-க்கு இறங்கினால் செயின் ஒடுங்கும், எடையும் குறையும். நம் தெருவில் ஓடும் 100, 150 சிசி வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பதோ 428. அதன் பின் தூரமே 12.7 மி.மீ.தான். அந்த வண்டிக்கு 520 மாட்டினால் எடை கூடத்தான் செய்யும். 'லைட்வெயிட்' என்ற சொல்லுக்குக் கடைக்கார அகராதியில் பொருள்: எதைவிட என்று கேட்கக்கூடாத எடை.

சரி, அந்த ஒன்றுக்குப் பத்து?

வண்டி கிளம்பும்போது அதன் ஒவ்வொரு கிராமையும் முன்னே தள்ள வேண்டும். சுழலும் பாகமாக இருந்தால் முன்னே தள்ளுவதோடு சுற்றவும் வைக்க வேண்டும்; அதற்கு எஞ்சின் தனிக் கூலி கொடுக்கிறது. கூலி எவ்வளவு என்பது, அந்தப் பாகம் வண்டியின் வேகத்தோடு ஒப்பிட எத்தனை மடங்கு வேகத்தில் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தது. அந்த மடங்கை அதனாலேயே பெருக்க வேண்டும். டயரின் வெளி விளிம்பு வண்டியின் வேகத்திலேயே சுற்றுகிறது. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. முன்னே தள்ளும் ஒன்றையும் சேர்த்தால், அங்கே 1 கிலோ குறைந்தால் 2 கிலோ குறைந்த பலன். சக்கரத்தில் உச்சவரம்பு அவ்வளவுதான்.

கிட்டில் செயினோடு வரும் பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் சுற்றும் பல்சக்கரம்) பல் இருப்பது மையத்திலிருந்து சுமார் 9 செ.மீ.யில். டயர் விளிம்பு 30 செ.மீ.யில். மடங்கு 0.3, பெருக்கினால் 0.09. செயின் ஓடுவதும் அதே வேகத்தில்தான். எனவே செயினிலும் ஸ்ப்ராக்கெட்டிலுமாக 1 கிலோ குறைத்தால் கிடைக்கும் பலன் 1.09 கிலோ. பத்து எங்கே போனது?

அது எஞ்சினுக்குள் இருக்கிறது. ஒரு 150 சிசி வண்டியில் முதல் கியரில் பின்சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கிராங்க் ஏறக்குறைய 28 சுற்று சுற்றுகிறது. அதன் முனையில் 5 செ.மீ. ஆரமுள்ள ஒரு வட்டத் தட்டில் (ஃப்ளைவீல்; மெக்கானிக் பாஷையில் மேக்னெட்) எடை விளிம்பில் மட்டுமின்றி முழுக்கப் பரவியிருப்பதால் பெருக்கியதில் பாதிதான் கணக்கு; அப்படியும் அங்கே 1 கிலோ குறைத்தால், கிளம்பும்போது 12 கிலோ குறைந்த மாதிரி இருக்கும். ஐந்தாவது கியரில் அதே கிலோ இரண்டு கிலோ சொச்சமாகச் சுருங்கிவிடும். ஆக விளம்பரம் முழுப் பொய்யில்லை. ஃப்ளைவீலின் உண்மையைக் கழற்றிச் செயினில் மாட்டி விற்கிறார்கள். (இதைப் படித்துவிட்டு மேக்னெட்டை லேத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். சிக்னலில் ஐடிலில் நிற்காது. கடைந்த இடத்தில் விரிசல் விட்டால் பல ஆயிரம் ஆர்.பி.எம்.மில் சுற்றுவது சிதறும்.)

ஆனாலும் கிட்டை மாட்டியவர்கள் சும்மா சொல்லவில்லை. "பிக்கப் எகிறுது சார்" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நான் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: முன் ஸ்ப்ராக்கெட்டில் எத்தனை பல்? பழையதில் 15, கிட்டில் வந்தது 14.

இந்த இடம்தான் எனக்குப் பிடித்ததும் உறுத்துவதும். 15-க்குப் பதில் 14 என்றால் எந்தக் கியரிலும் பின்சக்கரத்துக்குப் போகும் இழுவிசை 7 சதவீதம் கூடும். வண்டியும் ஆளுமாக 210 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 14 கிலோ குறைத்ததற்கு ஈடு. கிட்டின் அலுமினிய ஸ்ப்ராக்கெட் ஒரு கிலோவையே குறைத்தாலும் அது அரை சதவீதம். வாடிக்கையாளர் உணர்ந்தது அந்த ஒரு பல்லை. காசு கொடுத்தது அலுமினியத்துக்கு. முன் ஸ்ப்ராக்கெட்டைத் தனியாக வாங்கினால் சில நூறு ரூபாயோடு போகும். பல் குறைவதும் இனாம் இல்லை. 6,000 ஆர்.பி.எம்.மில் போன அதே வேகத்துக்கு இனி 6,430 வேண்டும்; கியரைச் சீக்கிரம் மாற்ற வேண்டும்; செயின்மேல் விழும் இழுப்பும் அதே 7 சதவீதம் ஏறும். மெல்லிய செயினைக் கொடுத்து, அதையே கூடுதலாக இழுக்கவும் வைக்கிறார்கள். இதைப் பெட்டியில் எங்கும் காணோம்.

இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு அரை கிலோவும் கணக்குதான். பின் ஸ்ப்ராக்கெட் சஸ்பென்ஷனுக்குக் கீழே சக்கரத்தோடு குதிக்கும் எடை. அது குறைந்தால் மேடுபள்ளத்தில் டயர் தரையை விடாமல் பிடிக்கும். தேய்ந்ததைத் தூக்கிப் போடவும் அவர்கள் தயார். அலுவலகம் போய்வருகிற நமக்கு அரை கிலோ என்பது டேங்கில் முக்கால் லிட்டருக்கும் குறைவான பெட்ரோல்.

மற்றக் கடிதங்களுக்கு:

அலுமினிய ஸ்ப்ராக்கெட் எத்தனை நாள் வரும்? இரும்பைவிடக் குறைவாக, மழைச் சேற்றில் ஓட்டினால் இன்னும் குறைவாக.

இரண்டுக்கும் நடுவில் ஏதாவது? நடுவில் அலுமினியம், பல் மட்டும் இரும்பு என்று கிடைக்கிறது.

செயினை மட்டும் மாற்றலாமா? வேண்டாம், தேய்ந்த பல் புதுச் செயினைத் தின்றுவிடும்.

மைலேஜ் ஏறுமா? எடையால் தெரியாது, பல் குறைத்தால் இறங்கும்.

ஸ்பீடோமீட்டர்? சென்சார் முன்சக்கரத்தில் இருந்தால் மாற்றமில்லை. கியர்பாக்ஸ் பக்கம் இருந்தால் 7 சதவீதம் கூட்டிக் காட்டும்.

சொன்ன எடை உண்மையா என்று எப்படித் தெரியும்? பழையதைக் கழுவி, புதியதைப் பழையதன் லிங்க் எண்ணிக்கைக்கு வெட்டி, இரண்டையும் மளிகைக் கடைத் தராசில் வையுங்கள்.

என் ஸ்கூட்டருக்கு இந்த கிட் உண்டா? உங்கள் ஸ்கூட்டரில் ஓடுவது பெல்ட், செயின் இல்லை.

ஞாயிறு தவறினால் விலை ஏறிவிடுமா? ஆவணியில் வேறு பெயரில் தள்ளுபடி வரும்.