ஆபத்துக்குப் பாவமில்லையா?

"ஆபத்துக்குப் பாவமில்லை" என்பது நமது ஜனங்களின் நாவில் நெடுங்காலமாக வழங்கி வரும் பழமொழி. வெள்ளத்தில் அகப்பட்டவன் அயலான் வீட்டுக் கதவை உடைத்து மாடி ஏறினால், அவனைத் திருடன் என்பாரில்லை. பசியால் சோர்ந்து விழுந்தவன் ஆசாரம் பாராமல் கிடைத்ததை உண்டால், அவனைத் தள்ளி வைப்பாரில்லை. இம்மட்டில் அப்பழமொழி நியாயமானதே. அதில் தயை இருக்கிறது. ஆனால், ஒருவன் தன் ஆபத்தைக் காரணம் காட்டி மற்றொருவனுக்கு விலங்கிடுவதற்கும், ஒரு குழந்தையைப் பலியிடுவதற்கும் அதே வாக்கியத்தை எடுத்தாள்வானாயின், அப்பொழுதும் அது செல்லுமா? இக்கேள்வியை இன்று நம் மனத்தில் எழுப்பியது எந்த நியாயஸ்தலத்து வழக்குமன்று. இரண்டு சினிமாப் படங்களே.

உலகம் கொள்ளை நோயால் அழிந்து, நடைப்பிணங்கள் தெருக்களில் திரிய, எஞ்சிய சிலர் மதிலுக்குள் ஒடுங்கி உயிர் பிழைக்கும் கதைகளை நமது இளைஞர்கள் ஆவலோடு பார்த்து வருகின்றனர். பெரியோர் சிலர் இவற்றைக் கண்டு முகம் சுளிக்கின்றனர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். பார்த்த பின்னர் நமது அபிப்பிராயம் மாறியது. இக்கதைகளில் உண்மையான பயங்கரம் மதிலுக்கு வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது.

2002-ஆம் ஆண்டில் டானி பாயில் இயக்கி, அலெக்ஸ் கார்லண்டு எழுதிய '28 டேஸ் லேட்டர்' என்னும் ஆங்கிலப் படத்தை முதலில் எடுத்துக் கொள்வோம். மனிதரை மூர்க்க வெறி கொள்ளச் செய்யும் கிருமியொன்று இங்கிலாந்தில் பரவுகிறது. அது தொற்றியவர்கள் செத்து எழுந்தவர்களல்லர், உயிரோடிருந்தே அறிவிழந்தவர்கள். ஆயினும் நடைப்பிணக் கதைகளின் வரிசையிலேயே உலகம் இப்படத்தை வைத்திருக்கிறது. ஜிம் என்ற வாலிபன், ஸெலினா என்ற யுவதி, பிராங்க் என்ற தகப்பன், அவனுடைய பெண் ஹான்னா ஆகிய நால்வரும் பாழடைந்த லண்டனில் ஒருவரையொருவர் கண்டு சேருகின்றனர். மான்செஸ்டர் நகரத்துக்கு அருகே ராணுவ வீரர்கள் இருப்பதாகவும், அங்கே வருவோருக்குப் பாதுகாப்பு உண்டென்றும் ரேடியோவில் ஓர் அறிவிப்பு கேட்கிறது. அதை நம்பி வாடகைக் கார் ஒன்றில் புறப்படுகின்றனர். வழிமுடிவில் தகப்பனுக்கு நோய் தொற்றுகிறது. மகளின் கண்ணெதிரிலேயே வீரர்கள் அவனைச் சுட்டு வீழ்த்துகின்றனர். மற்ற மூவரும் பெரிய மாளிகையொன்றுக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர்.

அம்மாளிகையில் விளக்கு எரிகிறது. உணவு மேஜை இருக்கிறது. சுற்றிலும் கண்ணிவெடியும் முள்வேலியும் காவல் புரிகின்றன. அதன் தலைவர் மேஜர் வெஸ்ட் என்பவர் மரியாதையாகப் பேசுகிறவர். கொல்லைப்புறத்திலோ, நோய் தொற்றிய அவருடைய சிப்பாய் ஒருவனே கழுத்தில் சங்கிலியிட்டுக் கட்டப்பட்டிருக்கிறான். நோயாளி பட்டினி கிடந்து சாக எத்தனை நாட்களாகும் என்று அறிவதற்காக அவனை அங்கே வைத்திருக்கிறார். நேற்று வரையில் தம்மோடு அணிவகுத்து நின்றவனை இன்று அளவுகோலாக்கியவர், நாளை மற்றவர்களை என்ன செய்ய மாட்டார்?

விடை விரைவிலேயே வெளிப்படுகிறது. எதிர்காலம் இல்லையே என்று மனமுடைந்த தம் வீரர்களுக்குப் பெண்களைக் கொண்டு வந்து தருவதாக மேஜர் வாக்களித்திருக்கிறார். ரேடியோவில் கேட்ட அபயக்குரல் அதற்காக விரித்த வலையே. ஸெலினாவும், நேற்றுத் தகப்பனை இழந்த சிறுமி ஹான்னாவும் சிறைப்படுகின்றனர். இது தகாதென்று சொன்ன ஸார்ஜெண்ட் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். மேஜர் இதையெல்லாம் காமத்தின் பெயராலோ கொடுமையின் பெயராலோ செய்யவில்லை. வருங்காலத்தின் பெயராலே செய்கிறார். மனிதகுலம் தழைக்க வேண்டும், துருப்பு கலையாமல் நிற்க வேண்டும், ஆகையால் இது அவசியம் என்பதே அவருடைய வாதம். அவருடைய கணக்கில் எல்லாம் இருக்கிறது. அந்த இரு பெண்களின் சம்மதம் ஒன்று மட்டும் இல்லை.

இதில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மாளிகையில் ஹான்னாவுக்கு நேர்ந்த அபாயத்தை எந்த நோயாளியும் உண்டாக்கவில்லை. வேலி நன்றாகவே இருந்தது. வேலிதான் பயிரை மேய எழுந்தது. அவளுக்கு ஒரே துணையாக நின்றவள் தானும் கைதியான ஸெலினா. காக்க வழி தோன்றாமல், நடப்பது உறைக்காமலாவது இருக்கட்டும் என்று அவள் சிறுமிக்கு மயக்க மாத்திரைகளைக் கொடுக்கிறாள். பாதுகாப்பு என்று பெயர் கொண்ட ஓரிடத்தில், ஒரு குழந்தைக்குச் செய்யக்கூடிய அதிகபட்ச உபகாரம் அவளுடைய அறிவை மங்கச் செய்வதே என்றால், அந்த ஆட்சியைப் பற்றி வேறு சாட்சியம் வேண்டுமா?

இரண்டாவது, எம். ஆர். கேரி 2014-இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, காம் மெக்கார்த்தி 2016-இல் இயக்கிய 'தி கேர்ள் வித் ஆல் தி கிப்ட்ஸ்'. எறும்புகளின் உடலிற் புகுந்து அவற்றை ஆட்டிவைக்கும் காளான் வகையொன்று உண்மையிலேயே உண்டு. அத்தகைய காளான் மனிதரைப் பற்றினால் என்னாகும் என்ற கற்பனையே இக்கதையின் வித்து. ராணுவ முகாமொன்றில் சில குழந்தைகள் அடைபட்டிருக்கின்றனர். அவர்கள் உடலில் காளான் இருக்கிறது. மனித மாமிசத்தின் வாடை பட்டால் வெறி எழுகிறது. ஆயினும் அவர்கள் பேசுகின்றனர், படிக்கின்றனர், சிரிக்கின்றனர். அவர்களுள் புத்திசாலி மெலனி. தினந்தோறும் காலையில், துப்பாக்கிகள் குறிபார்த்து நிற்க, அவளைச் சக்கர நாற்காலியில் அமர்த்திக் கையையும் காலையும் தலையையும் வாரினால் பிணித்து வகுப்புக்குத் தள்ளிச் செல்கின்றனர். தன்னைப் பிணிக்கும் வீரர்களுக்கு அவள் தவறாமல் காலை வந்தனம் சொல்லுகிறாள். அவர்கள் பதில் சொல்வதில்லை. ஆசிரியை ஒருத்தி மாத்திரம் விதியை மீறி அவள் தலையைத் தடவிக் கொடுக்கிறாள்.

அம்முகாமின் டாக்டர் கால்டுவெல் என்ற மாது, குழந்தைகளை ஒவ்வொருவராக அறுத்துப் பரிசோதித்து நோய்க்கு மருந்து காண முயலுகிறாள். அவளை அரக்கி என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. அவளுக்குத் தன் சுகத்தில் நாட்டமில்லை. எஞ்சிய மனிதகுலத்தைக் காப்பாற்றவே துடிக்கிறாள். ஆனால், அதற்கு விலையாக வைக்கும் உயிர் அவளுடையதன்று. தன் மனச்சாட்சி உறுத்தாதிருக்க, அக்குழந்தைகள் குழந்தைகளே அல்லர், குழந்தைகளைப் போல நடிக்கும் நோய் என்று சொல்லிக் கொள்ளுகிறாள். அடிமையை வைத்திருந்த எஜமானர்கள் எந்நாட்டிலும் முதலில் கற்றுக் கொண்ட பாடம் இதுவே. பிறனை விலங்கிடுவதற்கு முன் அவன் மனிதனல்ல என்று தீர்மானித்து விட வேண்டும்.

இவையெல்லாம் கட்டுக்கதை என்று சொல்வோர்க்கு, இங்கிலாந்தின் சட்டப் புத்தகங்களிலுள்ள உண்மை வழக்கொன்றை நினைவூட்டுகிறோம். சட்டம் பயிலும் மாணவர் அனைவரும் அறிந்தது அது. 1884-ஆம் ஆண்டில், 'மின்யொனெட்' என்ற சிறு கப்பல் ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் வழியில் அட்லாண்டிக் சமுத்திரத்தில் மூழ்கியது. அதிலிருந்த நால்வரும் ஒரு படகில் தப்பினர். கையிலிருந்தவை இரண்டு டப்பா டர்னிப் கிழங்கே; பிறகு ஓர் ஆமை அகப்பட்டது; அதுவும் தீர்ந்தது. ரிச்சர்டு பார்க்கர் என்ற 17 வயதுப் பையன் கடல்நீரைக் குடித்து நோயுற்றுக் கிடந்தான். இருபதாம் நாளில் காப்டன் டட்லி, ஸ்டீவன்ஸ் என்பவனுடைய சம்மதத்துடன் அப்பையனைக் கொன்றான். மூன்றாமவனான புரூக்ஸ் அக்கொலைக்கு உடன்படவில்லை. எனினும் பின்னர் அவனும் சேர்ந்து அவ்வுடலைத் தின்றான். நான்கு நாட்களுக்குப் பின் ஒரு ஜெர்மானியக் கப்பல் மூவரையும் மீட்டது.

கொலையுண்டவன் எப்படியும் இறந்திருப்பான், மற்றவர்களுக்கோ குடும்பமும் குழந்தைகளும் உண்டு, அவன் பலியாகாவிடில் நால்வரும் மாண்டிருப்பர் என்பது எதிரிகளின் வாதம். பொதுஜனங்களின் அனுதாபமும் பெரும்பாலும் அவர்கள் பக்கமே இருந்தது. பிரதம நீதிபதி கோலரிட்ஜ் பிரபு அதற்கு இணங்கவில்லை. உயிர்களின் மதிப்பை ஒன்றோடொன்று நிறுக்கத் தராசைப் பிடிப்பவர் யார்? பலனடையப் போகிறவனே நீதிபதியாக அமர்ந்தால், அவன் எப்பொழுதும் மிகவும் பலவீனனையும், மிக இளையவனையும், எதிர்க்க இயலாதவனையும் அல்லவா தேர்ந்தெடுப்பான்? இதுவே அத்தீர்ப்பின் உட்கருத்து. மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் ஆறு மாதச் சிறைவாசமாகக் குறைக்கப்பட்டது. தண்டனையில் தயை காட்டினர். தர்மத்தில் விட்டுக் கொடுக்கவில்லை. இரண்டும் சரியே என்பது நமது அபிப்பிராயம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். கொள்ளை நோய் வாசலில் நிற்கும்போது ஒவ்வொருவர் இஷ்டத்தையும் கேட்டுக் கொண்டிருக்க முடியுமா? கட்டுப்பாடு வேண்டாமா? வேண்டும்; சந்தேகமில்லை. அதற்கும் இங்கிலாந்தே உதாரணம் தருகிறது. டெர்பிஷயர் ஜில்லாவில் ஈம் என்ற கிராமம் இருக்கிறது. 1665-ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து வந்த துணி மூட்டை மூலம் அங்கே பிளேக் புகுந்தது என்பர். மறுவருஷம் பாதிரியார் மாம்பெஸனும், அவருக்கு முன் அப்பதவியிலிருந்த ஸ்டான்லியும் தங்களுக்குள் இருந்த மத வேற்றுமையை ஒதுக்கிவிட்டு, ஊரை விட்டு ஒருவரும் வெளியேறலாகாது, நோய் அயலூர்களுக்குப் பரவலாகாது என்று ஜனங்களிடம் வேண்டினர். ஜனங்கள் இசைந்தனர். எல்லைக்கல்லில் அயலார் உணவை வைப்பர். ஊரார் காசுகளைக் காடியில் நனைத்து வைப்பர். ஹான்காக் என்ற குடும்பத்தின் தாய், தன் கணவனையும் ஆறு குழந்தைகளையும் எட்டு நாட்களுக்குள் தன் கையாலேயே அடக்கம் செய்தாள். நோய் தீருவதற்குள் 250-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பாதிரியாரின் மனைவியும் அவர்களுள் ஒருத்தி.

அவர் தம் குழந்தைகளை மட்டும் முன்னதாகவே வெளியூருக்கு அனுப்பியிருந்தார் என்பதையும் மறைக்கலாகாது. மாசற்ற தலைவர்கள் சரித்திரத்தில் அரியர். ஆயினும் மேஜர் வெஸ்டின் மாளிகைக்கும் ஈம் கிராமத்துக்கும் உள்ள தூரம் வெகு தூரமே. ஈம் மக்களை அவர்கள் தலைவர்கள் ஏமாற்றி வரவழைக்கவில்லை. உண்மையைச் சொல்லி வேண்டினர். கட்டளையிட்டவரே கட்டளைக்குள் நின்றார்; அதன் விலையில் தாமும் ஒரு பங்கு செலுத்தினார். எல்லைக்கு அப்பாலிருந்த முகமறியாத மனிதரைக் காக்கவே அந்த எல்லை இருந்தது. மாளிகையிலோ, தலைவர் விலை சொல்லுகிறார், சிறுமி செலுத்துகிறாள்.

நம் முன்னோரும் இதை ஆராயாமல் விட்டவரல்லர். சாந்தோக்கிய உபநிஷதத்தில் உஷஸ்தி என்ற ஏழை அந்தணரின் கதை வருகிறது. பஞ்ச காலத்தில் அவர் ஒருவன் உண்டு எஞ்சிய பயற்றை யாசித்து உண்டார். அவன் எச்சில் தண்ணீரையும் கொடுத்தபோது மறுத்துவிட்டார். பயறு இல்லாவிடில் உயிர் போயிருக்கும். தண்ணீரோ வேறிடத்திற் கிடைக்கும் என்பது அவர் சொன்ன காரணம். ஆபத்துத் தர்மத்தின் இரண்டு எல்லைகளும் இதில் அடங்கியிருக்கின்றன. அவர் விட்டுக் கொடுத்தது தம்முடைய ஆசாரத்தை; பிறருடைய உயிரையோ மானத்தையோ அன்று. விட்டுக் கொடுத்ததும் உயிர் நிற்கத் தேவையான அளவே. அதற்குமேல் ஒரு மிடறும் இல்லை.

மெலனியின் கதை முடிவதைச் சொல்லி நிறுத்துகிறோம். மருந்துக்காக உன்னைக் கொடு என்று டாக்டர் இறுதியில் அவளிடமே கேட்கிறாள். நாங்களும் உயிருள்ளவர்கள்தானா என்று குழந்தை திருப்பிக் கேட்கிறாள். ஆமென்று டாக்டர் ஒப்புக்கொள்ள நேரிடுகிறது. அப்படியானால் உங்களுக்காக நாங்கள் ஏன் சாக வேண்டும் என்ற கேள்விக்கு அவளிடம் பதிலில்லை. குழந்தை காளான் விதைகளுக்குத் தீ மூட்டுகிறாள். அவை வெடித்துக் காற்றிற் கலக்கின்றன. பழைய மனிதகுலத்தின் நாள் முடிகிறது. கடைசிக் காட்சியில், அன்பு காட்டிய ஆசிரியை காற்றுப் புகாத வண்டிக்குள் அடைபட்டிருந்து பாடம் சொல்லுகிறாள். குழந்தைகள் வெளியே அமர்ந்து கேட்கின்றனர். சிறை கைமாறிற்று, ஒழியவில்லை.

மெலனி செய்ததை நாம் புகழவில்லை. ஆனால், அந்தக் கணக்கை அவளுக்குக் கற்பித்தவர் யார்? பிழைப்பதற்காகப் பிறரை விலையாக வைக்கலாம் என்ற பாடத்தை, முகாம் தன் ஒவ்வொரு வாராலும் ஒவ்வொரு நாளும் அவளுக்குப் போதித்தது. அவள் நன்றாகப் படிக்கிற குழந்தை, படித்துக் கொண்டாள்.

ஆபத்துக் காலத்தில் அதிகாரம் கேட்போர் எந்நாட்டிலும் எக்காலத்திலும் தோன்றுவர். அவர்களுக்குக் கட்டுப்பட வேண்டிய அவசியமும் சில சமயங்களில் நேரும். அப்பொழுது நாம் கேட்க வேண்டியவை இரண்டே. அவர்கள் போடும் விதிக்குள் அவர்களும் நிற்கின்றனரா? அவர்கள் மதிலுக்குள் மிகச் சிறிய குழந்தையின் கதி என்ன? இவ்விரண்டுக்கும் நேரான விடை கிடைக்காத இடத்தில், மதில் எவ்வளவு உயரமாயினும் அது கோட்டையன்று, சிறையே. தன் உயிருக்காகத் தன்னை வருத்திக் கொள்ளும் ஆபத்துக்குப் பாவமில்லை. பிறர் உயிரை விலையாக்கும் ஆபத்துக்குப் பாவமுண்டு.