ஏறி விளையாடச் சொல்லும் சிற்பம்: குப்பை மேடு பூங்காவான கதை

பூங்காவில் சிற்பம்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பீடத்தில் ஒரு சிலை, பக்கத்தில் "தொடாதீர்கள்" என்று ஒரு பலகை.

ஒரு மலையையே சிற்பமாகச் செய்ய முடியுமா? ஜப்பானின் சப்போரோ நகரில் செய்திருக்கிறார்கள்.

அடியில் என்ன இருக்கிறது?

மொயரெநுமா பூங்காவின் பரப்பளவு சுமார் 189 ஹெக்டர். அதற்கு அடியில் புதைந்திருப்பது சுமார் 2.7 மில்லியன் டன் குப்பை!

யாருடைய யோசனை?

ஜப்பானிய-அமெரிக்கச் சிற்பி இசாமு நோகுச்சியுடையது. 1988இல் அவர் வந்து பார்த்தபோது அங்கே இன்னும் குப்பை கொட்டிக்கொண்டிருந்தார்கள். சிலைகளை அங்கங்கே வைக்காமல், மொத்த நிலத்தையும் ஒரே சிற்பமாக்கத் திட்டமிட்டார்.

அது அவருடைய பழைய கனவு. பிள்ளைகள் ஏறி, சறுக்கி விளையாட ஒரு "விளையாட்டு மலை"யை நியூயார்க் நகருக்காக 1933இல் அவர் வடிவமைத்தார். அங்கே வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

மலையை எப்படிச் செய்தார்கள்?

• மொயரெ மலை: எரிக்க முடியாத குப்பை, கட்டுமான இடங்களில் தோண்டிய மண் இரண்டையும் குவித்து உருவானது. உச்சி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 62 மீட்டர் உயரம்.

• விளையாட்டு மலை: 30 மீட்டர் உயரம். ஒரு பக்கம் கல் படிகள், மறுபக்கம் சாய்வான பாதை.

மண்ணைச் சும்மா குவித்தால் போதாது. சரிவு அதிகமானால் மழையில் சரிந்துவிடும். தண்ணீர் வடிய வழி வேண்டும். புல்லின் வேர்தான் மேல்மண்ணைப் பிடித்து வைக்கும்.

சிலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சிலையைச் சுற்றி வந்து பார்க்கிறோம். இங்கே சிற்பத்தின் மேலேயே நடக்கிறோம். கீழிருந்து பார்த்தால் பச்சைக் குன்று. உச்சிக்குப் போனால் ஊரே தெரியும். பனிக்காலத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள்.

அதைப் பார்க்க நோகுச்சி இல்லை. திட்டத்தை வரைந்த அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். மற்றவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். 2005இல் பூங்கா முழுமையாகத் திறக்கப்பட்டது.

நம்ம ஊரில்?

பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்குப் போயிருக்கீங்களா? அங்கிருந்த கான்கிரீட் கால்வாயை உடைத்து, காலாங் ஆற்றை வளைந்து நெளிந்து ஓடவிட்டார்கள். புதுப்பித்த பூங்கா 2012இல் திறந்தது. உடைத்த கான்கிரீட்டை வீசிவிடாமல் ஒரு சிறு குன்றாக்கினார்கள்.

அடுத்த முறை அதில் ஏறி ஆற்றைப் பாருங்கள். உங்கள் காலுக்குக் கீழே இருப்பது, அந்த ஆற்றை ஒரு காலத்தில் அடைத்து வைத்திருந்த சுவர்.