பட்டணத்துக் குடிநீரும் மலைநாட்டுக் குடியானவரும்

பெரிய பட்டணங்களுக்கு வேண்டிய குடிநீர் பெரும்பாலும் பட்டணத்திற்குள் கிடைப்பதில்லை. தூரத்திலுள்ள மலைச் சாரல்களிலும், மேய்ச்சல் தரைகளிலும், வயல்களிலும் பெய்த மழையே ஓடைகளாய்த் திரண்டு, நீர்த்தேக்கங்களில் தங்கி, குழாய் வழியாகப் பட்டணத்து வீடுகளை அடைகிறது. ஆகவே அந்நிலங்களிலுள்ள குடியானவர்கள் எருவை எங்கே குவிக்கின்றனர், கன்றுகளை எவ்விதம் பராமரிக்கின்றனர் என்பன பட்டணவாசியின் சுகத்தைச் சார்ந்த விஷயங்களாகின்றன. குடிநீரைக் காப்பதற்காகப் பட்டணத்தார் விதிகள் ஏற்படுத்த முற்படும்போதோ, அவற்றின் சுமை குடியானவனுடைய தலைமீதே விழுகிறது. இரு திறத்தாரின் நன்மையையும் ஒருங்கே காப்பதற்கு வழியுண்டா? உண்டு என்பதை, ஐக்கிய அமெரிக்க நாட்டிலுள்ள நியூயார்க் பட்டணத்தின் பொருட்டு 1990-ஆம் ஆண்டு முதல் நடந்த ஏற்பாடுகள் காட்டுகின்றன. அவற்றின் விவரம் விவசாயிகளும், நகரசபை அங்கத்தினர்களும், ஆலோசனைக் கமிட்டிகளில் அமர்வோரும் அறிந்துகொள்ளத் தக்கதாகும்.

பட்டணத்தின் நீர் ஆதாரம்

நியூயார்க் பட்டணத்தில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வசிக்கின்றனர். நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 100 கோடி காலன் தண்ணீர் அங்கே செலவாகிறது. இதற்காக 19 நீர்த்தேக்கங்களும் 3 ஏரிகளும் உள்ளன. இவற்றின் நீர்ப்பிடிப்புப் பிரதேசம் சுமார் 2,000 சதுர மைல் விஸ்தீரணமுள்ளது. அதன் தொலைவான பாகம் பட்டணத்திலிருந்து 125 மைலுக்கு அப்பால் இருக்கிறது. பட்டணத்தின் நீரில் பத்தில் ஒன்பது பங்கு, ஹட்ஸன் ஆற்றிற்கு மேற்கேயுள்ள காட்ஸ்கில் மலைப் பகுதியிலிருந்தும், டெலவேர் ஆற்றின் தலைப்புப் பகுதியிலிருந்தும் வருவதாகும். மீதமுள்ள ஒரு பங்கு, பட்டணத்திற்குச் சமீபமான குரோட்டன் பகுதியிலிருந்து வருகிறது.

மலைநாட்டாருக்குப் பட்டணத்தின்மீது பழைய மனக்குறை ஒன்று உண்டு. 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் நீர்த்தேக்கங்கள் கட்டுவதற்காக அவர்களுடைய நிலங்கள் கட்டாயமாக எடுத்துக்கொள்ளப்பட்டன. பல கிராமங்கள் நீரில் மூழ்கின. ஆயிரக்கணக்கானோர் வீடு வாசலை இழந்தனர். முன்னோரைப் புதைத்த இடங்களைக்கூட வேறிடத்திற்கு மாற்ற நேர்ந்தது. கானன்ஸ்வில் என்னும் கடைசி நீர்த்தேக்கம் 1960-களில் முடிவுற்றது. ஆகையால், பட்டணத்திலிருந்து ஓர் உத்தியோகஸ்தர் வந்தால், இன்னும் எதை எடுத்துக்கொள்ள வந்தாரோ என்று மலைநாட்டார் சந்தேகிப்பது இயல்பாயிற்று.

விதிகளால் எழுந்த கலக்கம்

1989-ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய சர்க்கார் ஒரு விதி ஏற்படுத்தினர். ஆறு, ஏரி, நீர்த்தேக்கம் முதலியவற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் பட்டணங்கள் யாவும் அந்நீரை வடிகட்டியே வழங்க வேண்டும். நீர்ப்பிடிப்புப் பிரதேசத்தைத் தக்கபடி பாதுகாத்து, நீரின் சுத்தத்தை நிரூபிக்கும் பட்டணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு என்பது அதன் சாரம். காட்ஸ்கில், டெலவேர் நீரை வடிகட்டும் நிலையம் அமைக்கச் சுமார் 600 கோடி டாலர் பிடிக்கும் என்று அக்காலத்தில் கணக்கிட்டனர். அதை நடத்துவதற்கு ஆண்டுதோறும் ஆகும் செலவு தனி. இப்பெருஞ்செலவைத் தவிர்க்க விரும்பிய பட்டணத்தார், 1990-ஆம் ஆண்டில் நீர்ப்பிடிப்புப் பிரதேசத்திற்கென்று கடுமையான விதிகளின் நகல் ஒன்றை வெளியிட்டனர். ஓடைகளுக்கு அருகே உழவையும் எரு இடுதலையும் கட்டுப்படுத்துவது அவ்விதிகளின் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது.

அப்பிரதேசத்தின் அமைப்பை அறிந்தவர்களுக்கே இதன் கொடுமை விளங்கும். அங்கே மலைகள் செங்குத்தானவை; பள்ளத்தாக்குகள் குறுகியவை. உழுவதற்கேற்ற சமநிலம் ஓடைக்கரையில்தான் இருக்கிறது. கரையோர நிலத்தை விலக்கிவிட்டால் பண்ணையின் உயிர்நிலையே போய்விடும். அங்கிருந்த சில நூறு பண்ணைகளில் பெரும்பாலானவை பாலை நம்பிப் பிழைத்தவை, லாபம் சொற்பம். கன்று காலிகளை விற்றுவிட்டு நிலத்தைக் கைவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று குடியானவர்கள் முறையிட்டனர்.

கமிட்டி அமைந்த வகை

இத்தருணத்தில் நியூயார்க் ராஜ்யத்தின் விவசாய இலாகா நடுவில் நின்று, இரு திறத்தாரையும் ஒரு விசேஷ ஆலோசனைக் கமிட்டியில் அமரச் செய்தது. குடியானவர்களின் பிரதிநிதிகள், பட்டணத்து நீர் நிர்வாகிகள், ராஜ்ய இலாகாக்களின் உத்தியோகஸ்தர்கள், மண், நீர்ப் பாதுகாப்பு ஊழியர்கள், கார்னெல் சர்வகலாசாலை நிபுணர்கள் ஆகியோர் அதில் கலந்துகொண்டனர். பட்டணத்தின் நீர் நிர்வாகத்தை அப்போது வகித்த ஆல்பர்ட் ஆப்பிள்டன் என்பவர், நீர் கெட்டபின் அதைச் சுத்தம் செய்வதைவிட, கெடாதவாறு நிலத்தைப் பேணுவதற்குப் பணம் செலவிடுவதே சிக்கனம் என்னும் கொள்கையுடையவர்.

குடியானவர்களின் பழைய குறைகளைப் பட்டணத்தார் முதலில் கேட்க வேண்டியிருந்தது. பண்ணையிலிருந்து என்னென்ன அசுத்தங்கள் நீரிற் சேருகின்றன என்பதைக் குடியானவர்களும் பின்னர் கேட்டறிந்தனர். பால் பண்ணைகள் ஒழிந்தால் அந்நிலங்கள் வீட்டு மனைகளாய்ப் போகும். அப்போது தெருக்களும், கழிவுநீரும் பெருகி, நீருக்குப் பண்ணையால் வரும் கேட்டைவிட அதிகக் கேடு விளையும் என்பதும் எடுத்துக் காட்டப்பட்டது. எனவே, குடியானவன் நிலைத்திருப்பது பட்டணத்திற்கே அனுகூலம் என்னும் முடிவுக்கு இரு திறத்தாரும் வந்தனர்.

சிபார்சுகள்

1991-ஆம் ஆண்டின் முடிவில் உருவான சிபார்சுகளின் சாரம் வருமாறு:

(1) எல்லாப் பண்ணைகளுக்கும் ஒரே விதியை விதியாமல், ஒவ்வொரு பண்ணைக்கும் அதன் நிலம், நீரோட்டம், கால்நடை, வரவு செலவு இவற்றை ஆராய்ந்து தனித் திட்டம் வகுக்க வேண்டும். இதற்கு முழுப் பண்ணைத் திட்டம் என்று பெயர்.

(2) இத்திட்டத்திற் சேருவது குடியானவனுடைய இஷ்டம்.

(3) திட்டம் வகுக்கவும் அதன்படி கட்டடம், வேலி முதலியன அமைக்கவும் ஆகும் செலவைப் பட்டணமே ஏற்க வேண்டும்.

(4) குடியானவர்களே பெரும்பான்மையாக உள்ள ஒரு சபை இவ்வேலையை நடத்த வேண்டும்.

(5) ஐந்தாண்டுகளுக்குள் 100-க்கு 85 பண்ணைகள் இதிற் சேர்ந்தாக வேண்டும்.

கடைசி நிபந்தனை பட்டணத்தார் கேட்டதாகும். தனியொருவனைக் கட்டாயப்படுத்தாமல், சமூகம் முழுவதையும் பொறுப்பாக்கியது இதன் நுட்பம். அண்டைப் பண்ணைக்காரனைச் சேரும்படி வற்புறுத்துவது அதிகாரிகளின் வேலையாயிராமல் குடியானவர்களின் வேலையாகவே ஆயிற்று. 1993-ஆம் ஆண்டில் வால்டன் என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு நீர்ப்பிடிப்பு விவசாய சபை ஏற்பட்டது. முதலில் 10 பண்ணைகளில் திட்டத்தைப் பரீட்சித்துப் பார்த்த பிறகே மற்றவற்றிற்கு விஸ்தரித்தனர்.

பண்ணையில் நடந்த வேலைகள்

நீரைக் கெடுக்கும் பொருள்களுக்குப் பண்ணையில் மூன்று இடங்களில் தடை ஏற்படுத்துவது இத்திட்டத்தின் அடிப்படை.

முதல் தடை கொட்டிலில். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர் மனிதருக்குக் கடுமையான கழிச்சலை உண்டாக்குவது. குளோரின் மருந்துக்கு அது எளிதில் மடிவதில்லை. 1993-ஆம் ஆண்டில் மில்வாக்கி என்னும் அமெரிக்கப் பட்டணத்தில் இது குடிநீரிற் கலந்து, சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றனர். பிறந்து சில வாரங்களேயான கன்றுகளின் சாணத்தில் இது மிகுதியாக வெளிப்படக்கூடும். ஆகையால் கன்றுகளைப் பெரிய மாடுகளிடமிருந்து பிரித்து, உலர்ந்த, காற்றோட்டமான தனிக் கொட்டிலில் வளர்க்கவும், அவற்றின் சாணத்தைத் தனியே சேர்க்கவும் ஏற்பாடு செய்தனர். இதனால் கன்றுகளுக்கு வரும் கழிச்சல் நோயும் குறைகிறது. பண்ணைக்காரனுக்கு நேரான லாபம் இது. கூரையில் விழும் மழைநீர் சாண முற்றத்தின் வழியே ஓடாதவாறு தனிக் கால்வாயில் திருப்பி விடப்பட்டது.

இரண்டாவது தடை வயலில். ஒவ்வொரு வயலின் மண்ணையும் பரிசோதித்து, அதற்கு வேண்டிய அளவே தொழு உரம் இடும்படி அட்டவணை வகுத்தனர். செங்குத்தான சரிவிலும், மழை வெள்ளம் ஓடும் இடத்திலும், பனியால் மண் உறைந்திருக்கும் காலத்திலும் உரம் இடுவதைத் தவிர்த்தனர். கானன்ஸ்வில் நீர்த்தேக்கத்தில் மணிச்சத்து மிகுந்து பாசி படர்ந்தது. பயிருக்கு உயிரான இச்சத்து, தேங்கிய நீரில் மிஞ்சினால் பாசிக்கு உணவாகி நீரைக் கெடுக்கிறது. மாட்டுக்குத் தேவைக்கு மேல் மணிச்சத்து கொடுத்தால் அது சாணத்தின் வழியே வெளியேறிவிடுகிறது. ஆதலால் தீவனத்திலேயே அளவைத் திருத்தும் முறை பின்னர் சேர்க்கப்பட்டது. தீவனச் செலவிலும் இது சிக்கனமாகும்.

மூன்றாவது தடை ஓடைக்கரையில். கால்நடைகள் ஓடையில் இறங்கிக் கரையை இடித்துச் சாணமிடாதவாறு வேலியிட்டு, அவற்றிற்கு வேறிடத்தில் தண்ணீர்த் தொட்டிகள் அமைத்தனர். கரையோரத்தில் புல்லும் மரமும் வளர்த்தனர். இதற்காகச் சாகுபடியிலிருந்து விலக்கிய நிலத்திற்கு, 1998-ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, மத்திய சர்க்கார் 10 முதல் 15 ஆண்டுகள் வரை குத்தகைப் பணம் கொடுக்கலாயினர். முன்பு விதியால் பறிபோகும் என்று அஞ்சிய அதே கரைநிலம், இப்போது குடியானவனுடைய சம்மதத்துடன் அவனுக்கு வருமானம் தருவதாயிற்று.

விளைந்த பயன்

ஐந்தாண்டுக் கெடுவுக்குள் 100-க்கு 85 என்னும் இலக்கு எட்டப்பட்டது. பின்னர் 90-ஐயும் கடந்தது. 1993-ஆம் ஆண்டில் பட்டணத்திற்கு வடிகட்டும் கடமையிலிருந்து முதல் விலக்குக் கிடைத்தது. 1997-ஆம் ஆண்டில் பட்டணம், ராஜ்யம், மத்திய சர்க்கார், மலைநாட்டு ஸ்தல ஸ்தாபனங்கள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்கள் ஆகியவை கூடிப் பெரிய உடன்படிக்கை செய்துகொண்டன. விற்க விரும்புவோரிடமிருந்து மட்டுமே நிலம் வாங்குவது, ஊர்களின் கழிவுநீர் நிலையங்களைப் பட்டணத்துச் செலவில் சீர்படுத்துவது முதலியன அதில் அடங்கின. விலக்கு அதன்பின் பலமுறை புதுப்பிக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டில் மேலும் 10 ஆண்டுகளுக்கு அளிக்கப்பட்டது.

குரோட்டன் பகுதியின் கதை வேறு. அங்கே வீடுகளும் தெருக்களும் நெருங்கிவிட்டமையால் வடிகட்டும் நிலையம் தவிர்க்க முடியாததாயிற்று. 2015-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்திற்கு 300 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. பத்தில் ஒரு பங்கு நீருக்கே இவ்வளவென்றால், எஞ்சிய ஒன்பது பங்கில் மிச்சமானது எவ்வளவு என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

தீராத குறைகள்

இவ்வேற்பாட்டினால் எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. பாலுக்குக் கிடைக்கும் விலை போதாமையால் அப்பிரதேசத்துப் பால் பண்ணைகளின் தொகை தொடர்ந்து குறைந்தே வந்திருக்கிறது. நீரைக் காப்பதற்குப் பணம் கிடைத்தாலும், பாலுக்கு உரிய விலையை எந்த ஆலோசனைக் கமிட்டியும் தர இயலாது. அமைத்த எருத் தொட்டிகளையும் வேலிகளையும் ஆண்டுதோறும் பராமரிக்க வேண்டும். நிலத்தைப் பேணுவது மட்டுமே போதாமல், 2013-ஆம் ஆண்டு முதல் காட்ஸ்கில், டெலவேர் நீர் முழுவதும் ஊதாக்கடந்த ஒளியினாலும் சுத்தி செய்யப்படுகிறது.

கமிட்டிகளுக்கு ஒரு பாடம்

நகரங்களின் ஆலோசனைக் கமிட்டிகள் சிபார்சுகளைச் செய்து, அச்சிட்டு, அலமாரியில் வைத்து மறந்துபோவது எங்கும் காணப்படுவதே. இக்கமிட்டியின் சிபார்சுகள் நிலத்தில் நடந்தேறியமைக்குக் காரணங்கள் வெளிப்படை. எவன் கையால் வேலை நடக்க வேண்டுமோ அவன் கமிட்டியில் இருந்தான். பயனடைவோரே பணம் கொடுத்தனர். பலனை அளக்க ஓர் எண்ணும், கெடுவும் முன்னரே குறிக்கப்பட்டன. குடியானவனுக்கும் லாபமுள்ள முறைகளே முதலில் கையாளப்பட்டன. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் சிபார்சு காகிதத்தோடு நின்றிருக்கும்.

குடியானவர்களும் தம் அளவில் செய்யத் தக்கவை சில உண்டு. எருக்குழியைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்ட, வெள்ளம் ஏறாத மேட்டில் அமைத்தல். இளங்கன்றுகளை உலர்ந்த இடத்தில் தனியே கட்டுதல். மண் பரிசோதனை செய்வித்து வேண்டிய அளவே உரமிடுதல். ஓடைக்கரையில் புற்பட்டை விட்டு வைத்தல் ஆகிய இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. இவற்றால் எருவின் சத்து வீணாகாமல் நிலத்திலேயே தங்கும். குடிநீரைப் பற்றி ஆலோசிக்க நகரசபையார் கமிட்டி அமைக்கும் காலத்தில், அதில் ஓர் இடம் தங்களுக்கும் வேண்டுமென்று குடியானவர்கள் கேட்பது அவசியம். கேட்குமுன்பே அவ்விடத்தைக் கொடுப்பது நகரசபையாருக்கு அழகு. செலவிலும் அதுவே சிக்கனம்.