பூட்ஸ் போட்ட வக்கீலும் எட்டு மணிச் சங்கும்

1873ஆம் ஆண்டு. புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் ஒரு தமிழ் வக்கீல் பூட்ஸும் காலுறையுமாக நுழைந்தார். பெயர் பொன்னுத்தம்பி பிள்ளை. வெள்ளைக்கார வக்கீல்கள் பூட்ஸோடு வரலாம். தமிழர் என்றால் வாசலிலேயே கழற்றிவிட்டு வர வேண்டும் என்பது அன்றைய வழக்கம். அவர் கழற்ற மறுத்தார். உள்ளூர் நீதிமன்றம் அவர் பக்கம் நிற்கவில்லை. விடாமல் பாரீஸின் உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்கை ஜெயித்தார்.

ஒரு ஜோடி பூட்ஸுக்கு இத்தனை பாடா என்று இன்றைக்குத் தோன்றலாம். ஆனால் அரசியல் தத்துவம் என்று நாம் பெரிதாகப் பேசும் சங்கதி, சாதாரண மனிதனின் காலில், வயிற்றில், பெயரில் எப்படி வந்து இறங்குகிறது என்று பார்க்க வேண்டுமானால் புதுச்சேரியைப் போல் ஓர் ஊர் கிடைக்காது. குடியரசு, சமூகவுடைமை, தேசியம், சந்தை என்று ஒவ்வொன்றும் இந்தச் சின்ன ஊரில் தடம் பதித்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு கதவைத் திறந்தது. நுழைவுக் கட்டணமும் கேட்டது.

பெயரை மாற்றினால் உரிமை

1870இல் பிரான்சில் மூன்றாம் குடியரசு பிறந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பது அதன் மந்திரம். அடுத்த ஆண்டே புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் பிரதிநிதி அனுப்ப வாக்குரிமை பெற்றார்கள். எல்லை தாண்டிக் கடலூருக்குப் போனால், பிரிட்டிஷ் இந்தியாவில் அப்படி ஒன்றைக் கனவிலும் நினைக்க முடியாத காலம்.

1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஓர் ஆணை வந்தது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் யாராக இருந்தாலும், தன் சமய, சாதி வழக்கப்படியான தனிச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுக்கலாம். அந்தக் கையெழுத்து மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் சேர்த்தே கட்டுப்படுத்தும். ஒருமுறை போட்டால் திரும்ப வாங்க முடியாது. கூடவே ஒரு குடும்பப் பெயரும் சூட்டிக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி பிள்ளை 'லபோர்த்' ஆனார். பிரெஞ்சில் அதற்கு 'கதவு' என்று பொருள். இப்படித் துறந்தவர்களை ஊரில் 'ரெனோன்சான்' என்றார்கள்.

சாதிக்குள் மூச்சு முட்டிக் கிடந்தவனுக்கு அது நிஜமாகவே கதவுதான். ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்தும் கிறிஸ்தவர்களிடமிருந்தும் பலர் அந்த வழியாகப் போனார்கள். ஆனால் எதிர்ப்பக்கமும் ஒரு வாதம் இருந்தது. சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் திரண்ட சாதி இந்துக்கள், பிரெஞ்சுக் குடிமகனாக இருக்க எங்கள் வழக்கத்தை ஏன் விட வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு தரப்புக்குச் சுதந்திரம் என்றால் தனிமனிதன் தன் கூட்டத்திலிருந்து விடுபடுவது. இன்னொரு தரப்புக்கோ அந்தக் கூட்டம் தன் வழக்கத்தோடு வாழ்வது. இரண்டாம் வாதத்தில் மேல்சாதியின் சொந்த லாபமும் கலந்திருந்தது என்பதை மறக்க வேண்டாம். உரிமையைக் கொடுத்த குடியரசும் சும்மா இருக்கவில்லை. 1884இல் உள்ளூர்த் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியலை ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர் என்று மூன்றாகப் பிரித்தது. சமத்துவம் பேசிய வாயே பந்தியைப் பிரித்துப் போட்டது.

கையெழுத்தின் இன்னொரு பலன் சைகோனில் தெரிந்தது. பிரெஞ்சு இந்தோசீனாவில் வரி வசூல், போலீஸ், அலுவலக எழுத்து வேலை என்று ரெனோன்சான்களுக்கு இடம் கிடைத்தது. பிரெஞ்சுக் குடிமக்கள் என்பதால் ஐரோப்பியருக்குரிய நிபந்தனைகளை அவர்களால் உரிமையோடு கேட்க முடிந்தது. சட்டத்தில் ஒரு வரி மாறியதும் பிழைப்புக்கு ஒரு கடலே திறந்துவிட்டது. அதே நேரத்தில், இன்னொரு நாட்டு மக்களை அடக்கியாளும் இயந்திரத்தில் பல்சக்கரமாகத்தான் அந்தப் பிழைப்பு கிடைத்தது.

எழுதலாம், விற்க முடியாது

உரிமை மட்டும் இருந்து வருமானத்துக்கு வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி பாரதியார். 1908இல் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரிக்கு வந்தார். அவருடைய 'இந்தியா' இதழ் இங்கிருந்து அச்சாகி வந்தது. பிரெஞ்சு மண்ணில் அவர் பேனாவைப் பிடுங்க பிரிட்டிஷ் போலீஸால் முடியவில்லை. ஆனால் வாசகர்கள் இருந்தது எல்லைக்கு அப்பால். அங்கே இதழ் நுழையத் தடை விழுந்ததும் 1910இல் 'இந்தியா' நின்றுபோனது. அச்சடிக்கும் சுதந்திரம் கையில் இருந்தும் அடுப்பு எரியவில்லை. 1918இல் எல்லை தாண்டியதும் கைதானார்.

சங்கு ஊதும் ஊர்

புதுவையின் இன்னொரு முகம் ஆலை. சவானா, ரோடியர், கெப்ளே என்று ஊர்க்காரர்கள் அழைத்த மூன்று பஞ்சாலைகள். விடியும் முன்பே ஆலைச் சங்கு ஊதும். முதலியார்பேட்டைத் தெருக்களுக்கு அதுதான் கடிகாரம். இங்கே நெய்து நீலம் தோய்த்த துணி மேற்கு ஆப்பிரிக்காவரை போனது. நெய்தவர்களுக்கோ நீண்ட வேலை நேரம், அரைவயிற்றுக் கூலி.

தாராளவாதக் குடியரசின் கண்ணில் முதலாளியும் தொழிலாளியும் இரு சுதந்திர மனிதர்கள். பிடித்தால் வேலை, இல்லாவிட்டால் போகலாம். அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாதவன் எங்கே போவான் என்று கேட்டவர்கள் தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவும் அவர் தோழர்களும். 1934இல் அவர் தொடங்கிய இதழின் பெயரே 'சுதந்திரம்'. தனி ஆளாகப் பேரம் பேச முடியாதவனுக்குச் சங்கம்தான் சுதந்திரம் என்பது அவர்கள் கட்சி.

1936 ஜூன் மாதம் பாரீஸில் லெயோன் ப்ளும் தலைமையில் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது. பிரெஞ்சுத் தொழிலாளிகளுக்கு வாரம் நாற்பது மணி நேர வேலையும் சம்பளத்தோடு விடுமுறையும் கிடைத்தன. அதே ஆட்சியின்கீழ், ஜூலை 30ஆம் தேதி, வேலைநிறுத்தம் செய்த புதுச்சேரி ஆலைத் தொழிலாளிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். ஒரே கொடி, ஒரே தத்துவம்; அங்கே விடுமுறை, இங்கே குண்டு.

அந்தச் சாவுகள் வீண்போகவில்லை. 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைக்கும் தொழிற்சங்க உரிமைக்கும் வழிசெய்த ஆணை வந்தது. அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 54 மணி நேரம்வரை வேலை வாங்க அனுமதித்தது. ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேரம் வாங்கியது நாங்கள்தான் என்று புதுவைத் தொழிற்சங்கக்காரர்கள் இன்றும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வார்கள். ஜூலை 30 இங்கே தியாகிகள் தினம்.

ஆறு மாதக் கெடு

1954 அக்டோபர் 18. கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் முழுமையானது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொன்னது.

ஒரே தெருவில் எழுதிக் கொடுத்த தாத்தாவும் உண்டு, சும்மா இருந்துவிட்ட தாத்தாவும் உண்டு. முதல் வீட்டுப் பேரப்பிள்ளை பாரீஸில் வேலை பார்க்கலாம். வீட்டுப் பெரியவர் 'சொல்தா'வாக, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவராக இருந்தால், யூரோவில் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. இரண்டாவது வீட்டுப் பேரன் விசாவுக்கு வரிசையில் நிற்கிறான். உழைப்பிலோ அறிவிலோ இருவருக்கும் வித்தியாசம் இல்லை. வாய்ப்பு சரிசமம் என்ற பேச்சு, பிறக்கும் முன்பே போட்ட கையெழுத்தின் முன்னால் தடுமாறுகிறது.

யார் அழைப்பது?

பழைய ரோடியர் ஆலை பின்னாளில் அரசு ஆலையாகி, ஏ.எஃப்.டி. என்ற பெயரில் நடந்து, நஷ்டத்தில் தள்ளாடி, 2020இல் மூடப்பட்டது. எட்டு மணி நேரத்துக்காகச் சண்டை போட்ட ஊரில், அந்த எட்டு மணி நேர வேலையைத் தர வேண்டிய ஆலைகளே இல்லை. அரசு கையில் எடுத்தால் வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கையும் அங்கே பூட்டிக் கிடக்கிறது.

இப்போது மாலை நேரத்தில் வாய்க்காலைத் தாண்டி, ஐரோப்பியர் வாழ்ந்த வெள்ளைப் பகுதிக்குள் போனால், உணவு விடுதி வாசல்களில் முதுகில் பெட்டியோடு இளைஞர்கள் பைக்கில் சாய்ந்து காத்திருக்கிறார்கள். கையில் போன். எப்போது வேண்டுமானாலும் செயலியைத் திறக்கலாம், மூடலாம். நீயே உனக்கு முதலாளி என்கிறது நிறுவனம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இப்படிப்பட்ட வேலையாட்களுக்கு ஒரு பெயர் சூட்டியது. வேலை நேரத்துக்கு வரம்பு விதிக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினால் அது அவன் விருப்பம்.

பிடித்தால் வேலை, இல்லாவிட்டால் போகலாம் என்ற அதே பழைய வாசகம். சவானா ஆலை வாசலில் அதைக் கேட்டவர்களைச் சங்கு ஒரே நேரத்தில், ஒரே இடத்துக்கு அழைத்தது. ஒன்றாக நுழைந்தவர்கள் ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். இந்தப் பையன்களின் போன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் அழைக்கிறது. அதோ ஒன்று சிணுங்குகிறது. ஒருவன் மட்டும் கிளம்பிப் போகிறான்.